பாண்டவர் குழிக்காரருக்குப் பங்காளிகள்

நகரி நெசவாளர் தெருவில் உமாபதியிடம் யாரும் மணி கேட்க மாட்டார்கள். கேட்டால் சந்திரகிரி ராஜாவிலிருந்து ஆரம்பிப்பார். பட்டத்து ராணிக்குப் புடவை நெய்யவென்றே காஞ்சிபுரத்திலிருந்து வண்டி கட்டி அழைத்து வந்த வகையறா தங்களுடையது, அந்த ராணி வேறு யார் நெய்ததையும் தொட மாட்டாள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவருக்குப் பஸ் போய்விடும். இப்போது அவர் வீட்டில் ஓடுவது நான்கு பவர்லூம். அதில் வருவது உள்பாவாடைத் துணி. ராணிக்கும் உள்பாவாடைக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

எதிர்வீட்டு கிருஷ்ணப்பாவுக்கும் பவர்லூம்தான், அவருக்கும் வாய் சும்மா இருக்காது. ராஜா கோட்டை கட்ட வந்தபோது இடம் காட்டினதே தங்கள் ஆட்கள்தான் என்பது அவர் கட்சி. அதாவது உமாபதி வகையறா கூப்பிட்டு வந்தது, அவர் வகையறா கூப்பிடாமலே இருந்தது. ஒரு குழாயடி, ஒரு டீக்கடை, ஒரே கோயில் திருவிழா என்று இருபது வருஷமாக இந்த வழக்கு நடந்துகொண்டிருந்தது. தீர்ப்புச் சொல்ல ராஜா உயிரோடு இல்லை.

இதற்கு நடுவில்தான் பாண்டவர் குழி திறந்தது. ஊருக்கு வெளியே மலையடியில் வட்டம் வட்டமாகப் பெரிய கற்கள் கிடக்கும். பாண்டவர்கள் ஒளிந்திருந்த குழி என்று பேர். சென்னைப் பக்கத்து ஆள் ஒருவர் அங்கே பிளாட் போட வந்து, ரோட்டுக்கு மண் தள்ளின புல்டோசர் ஒரு கல்லைப் புரட்டிவிட்டது. உள்ளே பலகைக்கல் வைத்துக் கட்டின தொட்டி, பானைகள், ஒரு மனிதரின் எலும்புகள். பிளாட் வேலை நின்றது. திருப்பதியிலிருந்து தொல்லியல் ஆராய்ச்சி செய்கிற பிரேமலதா என்ற மேடம் நாலைந்து பேரோடு வந்து இறங்கினார்.

அவர்கள் வேலை செய்த அழகைப் பார்க்கத் தெருவே போயிற்று. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, கையில் இரண்டு கையுறை, வாயில் துணி. குழிக்குள்ளிருந்து ஏதோ தொற்று வருகிறது என்று பயந்து பாதிப் பேர் வீட்டுக்கு ஓடினார்கள். மேடம் சிரித்துக்கொண்டே, பயம் அவர்களுக்கு இல்லை, குழியில் இருப்பவருக்குத்தான் என்றார். நம் மூச்சோ வியர்வையோ பட்டால் நம் அடையாளம் அவர்மேல் ஏறிவிடுமாம், அப்புறம் எது அவருடையது எது நம்முடையது என்று பிரிக்க முடியாதாம். காதுக்கு உள்பக்கம் கல் மாதிரி ஒரு எலும்பு இருக்கிறது, இந்த வெயில் ஊரில் அதில் மட்டும்தான் டி.என்.ஏ. கொஞ்சம் தங்கியிருக்க வாய்ப்பு, அதுவும் நிச்சயமில்லை என்றார். ஆள் செத்து இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றும் சொல்லிவைத்தார்.

அன்று சாயங்காலமே காஞ்சிபுரம் வண்டி நின்றுபோயிற்று. இரண்டாயிரம் வருஷத்து ஆள் ஒருவர் அகப்பட்டபிறகு ஐந்நூறு வருஷத்து ராணியை வைத்துக்கொண்டு உமாபதி என்ன செய்வார்? குழியில் இருப்பவர் தங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் என்றும், நடுவில் ஒரு வேலையாகக் காஞ்சிக்குப் போய்த் திரும்பியிருப்பார்கள் என்றும் கதையைத் திருத்திக்கொண்டார். கிருஷ்ணப்பா சும்மா இருப்பாரா? இடம் காட்டினவரே இவர்தான் என்று அவரும் சொல்லிவிட்டார்.

குழிக்காரரோடு ஒப்பிட்டுப் பார்க்க இந்த ஊர்க்காரர்களின் எச்சில் வேண்டும் என்று மேடம் கேட்டபோது, சம்மதிக்க மாட்டார்களோ என்ற தயக்கம் அவர் குரலில் இருந்தது. நகரியை அவருக்குத் தெரியாது. வரிசையில் முதல் ஆளாக உமாபதி, அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தபடி கிருஷ்ணப்பா. கிருஷ்ணப்பாவின் எச்சில் வெற்றிலையில் சிவந்து கிடந்ததால், வாய் கொப்பளித்து அரைமணி நேரம் சும்மா இருக்கச் சொன்னார்கள். வெற்றிலை இல்லாத அந்த அரைமணி நேரம் அவர் முகத்தைப் பார்த்தவர்கள் வீட்டில் ஏதோ கேடு என்றே நினைத்தார்கள்.

எச்சில் ஐதராபாத்துக்குப் போயிற்று. வருஷம் ஒன்று ஓடிற்று. அதற்குள் இங்கே வேறொரு காரியம் பழுத்துவிட்டது.

உமாபதியின் மகள் ரேகாவுக்கு ஸ்ரீ சிட்டியில் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற கம்பெனியில் வேலை. கிருஷ்ணப்பாவின் மகன் சுரேஷ்பாபுவுக்கும் அங்கேதான், ஆனால் வேறு கம்பெனி. பஸ் வேறு, ஸ்டாப் ஒன்று. அவனுடைய பஸ்தான் முதலில் வரும். அதை அவன் விட்டுவிட்டு அவளுடைய பஸ் வரும்வரை நிற்க ஆரம்பித்ததை முதலில் கவனித்தவள் மூன்றாம் வீட்டு ருக்மணி. அந்த இரண்டு பேருக்கும் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லலாம்.

ருக்மணி யார் என்று கேட்காதீர்கள். உறவுமுறைக்கு அந்தத் தெருவில் அவள்தான் கோர்ட். யாருக்கு யார் என்ன வேண்டும் என்று விரலை மடக்கி ஆரம்பித்தாளானால் ஐந்து தலைமுறை போய்த் திரும்பி வருவாள். முறை தப்பாத கல்யாணத்துக்குத் தன் கல்யாணத்தையே சாட்சி காட்டுவாள். அவள் கட்டிக்கொண்டது சொந்தத் தாய்மாமன் ரங்கையாவை. அதற்கு மேல் சுத்தமான முறை உலகத்தில் கிடையாது என்பது அவள் எண்ணம். ரேகா விஷயம் வீட்டுக்கு வந்தபோதும் அவளே வந்து உட்கார்ந்து விரல் மடக்கினாள். வகையறா வேறு, குலசாமி வேறு, சுரேஷ் அவளுக்கு மாமன் மகன் முறை, நன்றாகக் கட்டலாம். இரண்டு அப்பாக்களும் மறுப்பதற்குக் காரணம் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் தட்டு மாற்றிக்கொண்டார்கள். ஆவணியில் திருச்சானூர் மண்டபம், பத்திரிகை அச்சாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ரிசல்ட் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெசவாளர் சங்கக் கட்டடத்தில் பிரேமலதா மேடம் எல்லாருக்கும் பொதுவாகப் பேசினார். காதெலும்பு ஏமாற்றவில்லை, குழிக்காரரின் அடையாளம் கொஞ்சம் கிடைத்திருக்கிறது என்றார். பழைய காலத்தில் எங்கெங்கிருந்தோ கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் கலந்து கலந்துதான் நாமெல்லாம் ஆனோம் என்றும், யாருமே இங்கே முளைத்துக் கிளம்பினவர்கள் இல்லை என்றும் விளக்கினார். தெரு கொட்டாவி விட்டது. அவரவர் ரிசல்ட்டை அவரவருக்குத் தனியாகச் சொல்வோம் என்று முடித்தார்.

உமாபதிக்குத் தனியாகக் கேட்டு என்ன பிரயோசனம்? கிருஷ்ணப்பா கேட்காத பெருமை ஒரு பெருமையா? எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்று எழுந்து நின்றார். நன்றாக யோசித்துக்கொள்ளுங்கள் என்று மேடம் இரண்டு தரம் சொன்னார். இவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார், சாமி முன்னால் நிற்கிற மாதிரி.

"குழியில கிடைச்சவருக்கும் உங்களுக்கும் தகப்பன் வழி அடையாளம் ஒண்ணுதாங்க."

உமாபதி கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த மூச்சில் கிருஷ்ணப்பா தனக்கும் இங்கேயே சொல்லும்படி கேட்டார். அவருக்கும் அதே அடையாளம்தான். இருபது வருஷ வழக்கில் இரண்டு பேருமே ஜெயித்துவிட்டார்கள். யாரும் எதிர்பார்க்காதபடி சம்பந்திகள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கட்டடமே கை தட்டியது. பின்வரிசையில் ருக்மணி மட்டும் தட்டவில்லை. அவள் விரல் மடக்கிக்கொண்டிருந்தாள்.

"இருங்க, இருங்க. ரெண்டு பேரும் ஒரே தகப்பன் வழின்னா பங்காளிங்க ஆச்சே. அப்போ சுரேஷு ரேகாவுக்கு அண்ணன் முறை இல்ல?"

கட்டிப்பிடித்த கைகள் தாமாகக் கழன்றன. மேடம் பதறிப்போய், "அட்ல காதுங்க, பங்காளியை நாங்களும்தான் பாலோள்ளுன்னு சொல்றோம், இது அது இல்ல, இது ரொம்பப் பழசு" என்று தெலுங்கு, தமிழ் இரண்டு மொழியிலும் தடுத்துப் பார்த்தார். ஒரு மொழியும் ஏறவில்லை. ருக்மணி விரல் மடக்கினால் மடக்கினதுதான்.

அன்றைக்கே புத்தூரிலிருந்து கிருஷ்ணப்பாவின் அக்கா வந்துவிட்டாள். பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் குலசாமி முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். கிருஷ்ணப்பாவுக்கு இஷ்டமில்லை, எதிர்த்துப் பேசவும் தைரியமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் பெரியவர்கள் முன்னால் தட்டைத் திருப்பிவிடுவது என்று முடிவாயிற்று. கம்பெனி பஸ்ஸில் தோழிகள் சுரேஷைக் காட்டி, உங்க அண்ணா நிக்கிறார் பார் என்று ரேகாவைச் சீண்டினார்கள். சுரேஷ் தன் பஸ்ஸிலேயே ஏறிப் போக ஆரம்பித்தான். ரேகா அழவில்லை. வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தறிக்கொட்டகை வாசலில் நின்றாள்.

"நைனா, நீ எச்சி துப்பின. என் கல்யாணம் நின்னுச்சு."

நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்திலும் உமாபதிக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. தறியை நிறுத்தினார். மகள் முகத்தைப் பார்த்தார். எதற்கும் ஒரு ராஜா கதை வைத்திருக்கிற மனிதருக்கு அன்றைக்கு ஒரு சேவகன் கதைகூடக் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை திருப்பதி பஸ்ஸில் ஏறினார். பக்கத்து சீட்காரர் மணி கேட்டார். மணியை மட்டும் சொன்னார். அவ்வளவு மனவருத்தம்.

மேடம் நாற்காலி போட்டு மோர் கொடுத்தார். உமாபதி குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்த காரியத்தைச் சொன்னார். "எனக்கு வேற எதுனா ஒண்ணு போட்டுக் குடுத்துடுங்க மேடம். அந்தப் பெரியவரை கிருஷ்ணப்பாவே வெச்சிக்கினு போவட்டும்."

இருபது வருஷ வழக்கை மனிதர் எதிராளிக்கே எழுதிக் கொடுக்கிறார் என்பது பாவம் மேடத்துக்கு எப்படித் தெரியும்? அப்படி மாற்ற முடியாதுங்க என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். இந்தத் தகப்பன் வழி குழிக்காரரைவிடப் பல ஆயிரம் வருஷம் பழையது. குழிக்காரர் அதில் நடுவில் வந்த ஒருத்தர். அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, கல்யாணமாவது ஆயிற்றா என்பதே தெரியாது. இந்த அடையாளம் நகரியிலும் இருக்கும், வேலூரிலும் இருக்கும், வெதுருகுப்பத்திலும் இருக்கும். அப்பா, அப்பாவின் அப்பா என்று ஒரே கோடாகப் போவது அது. அம்மா, அப்பாவைப் பெற்றவள், அவளைப் பெற்றவர்கள் என்று மற்ற அத்தனை பேரும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் இருக்கிறார்கள்.

"அப்ப பாவுல ஒரு இழை" என்றார் உமாபதி. "ஒரு இழையை வெச்சி துணி யாருதுன்னு சொல்ல முடியாது."

"அதேங்க. உங்க தெருவுல துப்பினவங்கள்ல பாதிப் பேருக்கு மேல இதே இழைதான். யாரு யாருன்னு மட்டும் கேக்காதீங்க. அவங்கவங்க வந்தா அவங்கவங்களுக்குச் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே மனைவி பச்சையம்மாளிடம் ஒப்பித்தார். பாதி மேடம் சொன்னது, பாதி அவர் சேர்த்தது. பச்சையம்மாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே கேட்டாள். எப்போதும் அப்படித்தான், அந்தம்மா முப்பது வருஷமாக அவர் பேச்சில் பாதியைக் காயோடு சேர்த்து நார் உரித்துப் போட்டுவிடுவாள்.

"ருக்மணி வீட்டுக்காரரு துப்பினாரு. அவ தம்பி சந்திரசேகரும் துப்பினான்" என்றாள். அடுத்த காயை எடுத்தாள்.

உமாபதிக்கு மெதுவாகத்தான் விளங்கிற்று. விளங்கினதும் செருப்பை மாட்டிக்கொண்டு, தனக்கு எது நன்றாக வருமோ அதைச் செய்யக் கிளம்பினார். டீக்கடையில் போய் உட்கார்ந்து பேசினார். குழிக்காரரின் வழியில் வந்த பாக்கியம் இன்னும் யார் யாருக்கு இருக்கிறதோ, மேடம் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், அவரவர் போனால்தான் தெரியும், எல்லாருக்குமா கிடைக்கும் என்று ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு பொய் இல்லை அதில். பெருமூச்சு மட்டும் கொஞ்சம் அதிகம்.

அடுத்த நாள் திருப்பதி பஸ்ஸில் நகரி நெசவாளர் தெரு நின்றுகொண்டு போயிற்று. ரங்கையா முதல் பஸ். சந்திரசேகர் புத்தூரில் தையல் கடையைச் சாத்திவிட்டு வழியில் ஏறிக்கொண்டான். இதெல்லாம் ருக்மணியிடம் யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாமல் தெருவில் நடந்த ஒரே காரியம் அதுதான் என்று இன்றைக்கும் பேச்சு.

அந்த வாரம் முழுக்க உமாபதிக்குச் சோறு இறங்கவில்லை. பாதிப் பேருக்கு என்றால் மற்ற பாதி இல்லையா? ரங்கையா அந்தப் பாதியில் இருந்துவிட்டால்? போய் வந்தவர்கள் வேறு, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும்தான் சொல்வோம் என்று அவரைப் போலவே பிடிவாதம் பிடித்தார்கள். பிறத்தியாருக்குப் பெரிய வம்சம் அமைய வேண்டும் என்று அவர் ஊர்த்தெய்வம் தேசம்மனுக்கு விளக்குப் போட்டது வாழ்க்கையிலேயே அது ஒரு தரம்தான்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடம் கொள்ளவில்லை. கிருஷ்ணப்பா தட்டைத் துண்டால் மூடிக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரேஷ்பாபு வாசலிலேயே நின்றான். ரேகா அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ருக்மணி முன்வரிசையில், நியாயம் நிறைவேறுவதைப் பார்க்க வந்திருந்தாள். கிருஷ்ணப்பா எழுந்திருக்கும்போது ரங்கையா முந்திக்கொண்டார். புதுச் சட்டை. தனக்கும் குழிக்காரரின் வழிதான் என்று அறிவித்துவிட்டுப் பெண்டாட்டி பக்கம் பெருமையாகத் திரும்பினார். ருக்மணிக்கு முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி அடங்குவதற்குள் சந்திரசேகர் எழுந்து, "எனக்கும் அதேதாங்க்கா" என்றான்.

உமாபதிக்கு உயிர் வந்தது. தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ராணி கதை சொல்கிற அதே நிதானத்தோடு எழுந்தார்.

"ருக்மணிம்மா, உன் வூட்டுக்காரரும் உன் தம்பியும் ஒரே தகப்பன் வழியாம். உன் கணக்குப்படி பங்காளிங்க. அப்ப ரங்கையா உனக்கு இன்னா முறை ஆவணும்?"

ருக்மணி விரலை மடக்கினாள். பிரித்தாள். வேறு கையை எடுத்து அதில் மடக்கிப் பார்த்தாள். எந்தக் கையில் எண்ணினாலும் முப்பது வருஷக் குடித்தனமும் இரண்டு பிள்ளைகளும் நடுவில் வந்து நின்றன.

"சொல்லு, நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றார் ரங்கையா. "இத்தினி வருசமா உன் கையாலதான் துன்னுக்கினு கீறேன்."

முதலில் சிரித்தது ரேகா. அப்புறம் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரிக்க முடியவில்லை. புத்தூர் அக்காகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகுதான் தெரிந்தது, எச்சில் கொடுத்திருந்த அவள் புருஷனும் முந்தின நாள் திருப்பதி போய், தனக்கும் அதே வழிதான் என்று கேட்டு வந்திருந்தார்.

ஆனால் ருக்மணியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, தீர்ப்பைத் தானே திருத்தி எழுதினாள். "கிருஷ்ணப்பாண்ணா, உமாபதியோட நைனா செத்தப்ப நீ தீட்டு காத்தியா? மொட்டை அடிச்சியா?"

இல்லை என்றார் கிருஷ்ணப்பா. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதோடு சரி.

"குலசாமிக்கு சேந்து பொங்கல் வெச்சிக்கிறீங்களா?"

அதுவும் இல்லை.

"சாவுக்கு சேந்து தீட்டு காக்கிறவன் பங்காளி. எச்சி ஒண்ணா இருந்தா பங்காளி ஆயிடுவானா? அந்தத் தட்டை எடுத்துக்கினு போய் வூட்ல வையிண்ணா."

இந்த வழக்கைக் கிளப்பினதே தான்தான் என்ற ஞாபகம் அவள் முகத்தில் ஒரு சுருக்கமாகக்கூடத் தெரியவில்லை. கிருஷ்ணப்பா தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். வாசலில் நின்ற சுரேஷ்பாபுவைக் காணவில்லை. ரேகாவையும் காணவில்லை. பஸ் ஸ்டாப்பில் இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் கிடையாது என்பது அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கூட்டம் கலையும்போது யாரோ ஒரு சந்தேகத்தைப் போட்டார்கள். பாதித் தெருவுக்கு வழிக்காரர் ஒருத்தர் செத்துக் கிடந்து இப்போதுதான் சேதி வந்திருக்கிறது, தீட்டோடு கல்யாணம் செய்யலாமா? தீட்டைப் பற்றிப் பேச்செடுத்ததே ருக்மணி, ஆகையால் அவளிடமே போனது. அவள் விரலைக்கூட மடக்கவில்லை. வருஷம் தாண்டி வந்த சேதிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் போதும், இந்தச் சேதி கொஞ்சம் ரொம்பவே தாமதம் என்றாள்.

ஆகவே மறுநாள் காலை தெருமுனை போர்வெல் குழாயடியில் நெசவாளர் தெரு ஆண்கள் முழுக்க வரிசையில் நின்றார்கள். பாதிப் பேருக்குத்தான் அவசியம். ஆனால் குளிக்காமல் இருந்தால் தான் அந்த வம்சம் இல்லை என்று ஊருக்குத் தெரிந்துவிடுமே, ஆகையால் ஒருத்தர் பாக்கியில்லாமல் குளித்தார்கள். உமாபதிக்குக் கிருஷ்ணப்பா முதுகு தேய்த்தார். கிருஷ்ணப்பாவுக்கு உமாபதி தண்ணீர் ஊற்றினார். ரங்கையா தலைக்குச் சீயக்காய் அரைத்துக் கொடுத்தனுப்பினது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருச்சானூர் மண்டபத்தில் கல்யாணம் அமர்க்களப்பட்டது. பிரேமலதா மேடம் பட்டுப் புடவையில் வந்தார். பெண் வீட்டுக்காரரா மாப்பிள்ளை வீட்டுக்காரரா என்று பந்தியில் கேட்டார்கள். குழிக்காரர் வீடு என்றார். அவருக்கு முதல் வரிசையில் இலை போட்டு, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஐந்து மைசூர்பாகு வைத்தார்கள்.

எல்லாம் சரி. புரட்டாசி அமாவாசைக்கு அந்தப் பெரியவருக்குப் படையல் போடலாம் என்று பேச்சு வந்தபோதுதான் மறுபடியும் ஆரம்பித்தது. படையல் தன் வீட்டில் என்றார் உமாபதி, முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டவர் தானாம். தன் வீட்டில்தான் என்றார் கிருஷ்ணப்பா, பெரியவர் தலை இருந்த திசை அவர் வீட்டுப் பக்கமாம். வெள்ளைத் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு குழாயடியில் இரண்டு பேரும் நின்ற நிற்பைப் பார்த்து, பங்காளி இல்லை என்று தான் சொன்ன தீர்ப்பின்மேல் ருக்மணிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விரலை மடக்கலாம் என்று கையை எடுத்தாள். ரங்கையா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.